கைம்முதலின் வரலாறு

ஒரு தொழில் தொடங்கப்படும் நாளில் அதற்குச் செய்தி உண்டு. முதலீட்டாளர்கள் அதில் பல கோடி இட்டனர் என்றால் தலைப்புச் செய்தியே உண்டு. ஒருவரிடமும் கைநீட்டாமல் அறுபது ஆண்டுகள் நடந்த கடைக்கோ, அதன் உரிமையாளர் மறைந்தபின் வரும் நினைவஞ்சலி விளம்பரமே முதலும் கடைசியுமான செய்தி. அதற்கும் குடும்பத்தார்தான் பணம் கட்டுகிறார்கள்.

இது சிறிய புறக்கணிப்பு அன்று. ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-14இல் நாட்டில் எண்ணிய நிறுவனங்கள் ஏறத்தாழ 5.85 கோடி. அவற்றுள் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை சொந்தப் பணத்தில் இயங்குபவை. ஆயினும் தொழில் வரலாறு என்று நாம் படிப்பது பெருங்குழுமங்களின் வரலாற்றையே. விதிவிலக்கை மட்டும் படித்த இளைஞர், அதுவே விதி என்று நம்பித் தொழிலில் இறங்குகிறார்.

சிறுகடைக்கு வரலாறு இல்லையென்பது பொய். அது நாள்தோறும் எழுதப்பட்டே வந்திருக்கிறது. பழைய மளிகைக் கடையொன்றின் பேரேட்டைப் பிரித்தால், முதல் பக்கத்தின் நான்கு மூலைகளிலும் மஞ்சள். மேலே பிள்ளையார் சுழி. அதன்கீழ் சித்திரை முதல் நாளின் புதுக்கணக்கு. அப்புறம் ரொக்கம், பற்று, கைமாற்று, நிலுவை. மழை பொய்த்த ஆண்டை அந்தத் தாள்களிலேயே காணலாம்: தையில் தீர வேண்டிய பற்றுகள் அடுத்த தை வரை நீள்கின்றன, சில பெயர்கள்மீது கோடு இழுத்திருக்கிறது. அந்தக் கோடு வராக்கடனைக் குறிக்கிறதா, இரக்கத்தைக் குறிக்கிறதா என்று சொல்லக்கூடியவர் கல்லாவில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரே. அவர் மறைந்ததும் பேரேடு பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போகிறது.

வணிகர் எழுதிவைத்தால் என்ன விளையும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. புதுச்சேரியில் வணிகராகவும் துபாஷியாகவும் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761 வரை செல்கிறது. அது இல்லையேல் அக்காலப் புதுச்சேரியைப் பெரிதும் ஐரோப்பியரின் கண்கொண்டே பார்த்திருப்போம். அவர் பெருவணிகர், எழுத அவகாசம் இருந்தது. விடியலில் கடை திறந்து இரவில் அடைப்பவருக்கு அது இல்லை. அவர் சொல்ல வேறொருவர்தான் எழுத வேண்டும்.

எழுதுவோர் எதைக் கேட்க வேண்டும்? விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய குளிர்பான நிறுவனமான காளிமார்க் இன்றும் அக்குடும்பத்தார் கையில் இருக்கிறது. 1977இல் நாட்டைவிட்டு வெளியேறிய கோக்கக் கோலா 1993இல் திரும்பியபோது, பார்லே நிறுவனத்தின் புகழ்பெற்ற பானங்கள் அதன் கைக்குப் போயின. காளிமார்க்கின் பொவண்டோ பானம் போகவில்லை. 2017இல் தமிழக வணிகர் அமைப்புகள் அயல்நாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிக்க அழைத்தபோது அப்பெயர் மீண்டும் எல்லார் நாவிலும் ஏறியது. அந்த ஓராண்டைப் பலர் எழுதினர். அறிய வேண்டியவையோ இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகள். எந்த ஊர்ச் சந்தையை விட்டுக்கொடுத்தனர், எதை விடாது பிடித்துக்கொண்டனர், வந்த லாபத்தில் எவ்வளவைத் தொழிலுக்கே திருப்பினர்? பாடம் அங்கேதான் இருக்கிறது.

வீழ்ச்சியும் பாடமே. ஜப்பானின் ஒசாகாவில் கொங்கோ குமி என்னும் கோயில் கட்டும் தச்சர் குடும்ப நிறுவனம் கி.பி. 578இல் தோன்றியதாக மரபு. ஆண் வாரிசு இல்லாதபோது மருமகனைத் தத்தெடுத்துப் பெயரைக் காத்தனர்; 1930களில் கணவரை இழந்த பெண்ணொருவர் தலைமையேற்று நடத்தினார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் போருக்கும் பஞ்சத்துக்கும் தப்பிய அந்நிறுவனம், 1980களில் நிலமதிப்பு ஏறிய வேளையில் கடன் வாங்கி நிலத்தில் இறங்கியது. மதிப்புச் சரிந்தது, கடன் நின்றது. 2006இல் அது வேறொரு கட்டுமானக் குழுமத்தின்கீழ்ச் சென்றது. கைம்முதலின் எல்லையை அறிந்தவரை வாழ்ந்தது, மறந்தபின் முதலுக்கே மோசம் வந்தது.

எனினும் இப்பணி புகழ்மாலை தொடுப்பதாக முடிந்துவிடலாகாது. நிலைத்தவை எல்லாம் நேர்மையால் மட்டும் நிலைத்தவை அல்ல. சம்பளக் கணக்கில் ஏறாத மனைவியின் உழைப்பு பல கடைகளின் உண்மையான முதல். தென்மாவட்ட நாடார் வணிகர்கள் தம் சரக்குக்கு இவ்வளவென்று எடுத்துவைத்த மகமை, பள்ளிகளைக் கட்டியது; சமூகத்தையே கைதூக்கிவிட்டது. அத்தகைய உறவின்முறை இல்லாதவருக்கு அந்தக் கைத்தாங்கலும் இல்லை. ஆகவே, ‘சொந்தப் பணம்’ என்று ஒருவர் சொல்லும்போது அதில் உறவும் சாதியும் தந்த பங்கு எவ்வளவு என்று கேட்டெழுத வேண்டும். அதே உழைப்பும் நேர்மையும் இருந்தும் மூடப்பட்ட கடைகளின் கதையும் வேண்டும். சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். வராத நிலுவை எத்தனை தொழில்களை முடித்தது என்பதை அப்பேரேடுகளே சொல்லும்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கல்லூரிகளின் வணிகவியல் துறைகள் மாணவர்க்கு ஆளுக்கொரு கடையை ஒப்படைக்கலாம். வணிகர் சங்கங்கள் மூத்த உறுப்பினரின் சொல்லைப் பதிவு செய்யலாம். மாவட்ட மைய நூலகங்கள் பழைய கணக்கேடுகளுக்கு ஓர் அலமாரி ஒதுக்கலாம். குடும்பத்தார் எடைக்குப் போடுமுன் ஒருமுறை யோசிக்கலாம்.

‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்னும் பலகையைக் காணாத தமிழர் இல்லை. அதிலுள்ள நாளை ஒருபோதும் வராது என்பது கடைக்காரருக்கும் தெரியும், வாடிக்கையாளருக்கும் தெரியும். இவர்களது வரலாற்றையும் நாம் அந்த நாளைக்கே தள்ளிவைத்திருக்கிறோம்.