விபத்து ஒரு நிமிடம்! வட்டிக் கடன் எத்தனை வருடம்?

 

ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கடை திறக்கப் புறப்பட்டவர் இஷாவுக்கு வீடு திரும்பவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். வில்லியனூர் வழியே போகும் விழுப்புரம் சாலையிலும், பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம் வழியே போகும் கடலூர் சாலையிலும் இது புதுக்கதையா?

அடுத்த நாள் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. கடையின் முதல் கரைகிறது. கடைசியில் வட்டிக்காரனிடம் கை நீட்டுகிறோம். அல்லாஹ் ஹராமாக்கிய வட்டி ஆம்புலன்ஸின் பின்னாலேயே வீட்டுக்குள் நுழைகிறது!

'எல்லாம் விதி' என்று தப்பிக்காதீர்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசலாமா?

பில்லைப் பெருக்குவது எது?

இளைஞனே! முதல் காரணம் உன் தலை. கையில் கட்டுப் போட்டால் தீரும் காயம் வேறு. ஸ்கேன், மூளை அறுவை, வென்டிலேட்டர் என்று நாள்கணக்கில் நீளும் தலைக்காயம் வேறு. ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய் என்பதற்காகவா அதை அணிகிறாய்? உன் தாய்க்காக அணி!

இரண்டாவது, அலைச்சல். ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கும்போது நேரமும் போகிறது, பணமும் போகிறது.

மூன்றாவது, அறியாமை. வியாபாரிகளே! 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்கிறீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு நீங்கள் இடித்தவருக்குத்தான். உங்கள் மருத்துவச் செலவுக்கு அல்ல!

உரிமையைக் கேளுங்கள்!

போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் உயிரைக் காக்க வேண்டியது அரசு, தனியார் மருத்துவர் அனைவரின் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டப்படி, விபத்தில் சிக்கியவருக்கு 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். விபத்தைப் போலீஸ் உறுதி செய்ய வேண்டும். ஆகவே உடனே 112-ஐ அழையுங்கள்.

அந்த மருத்துவமனைகளின் பட்டியலை ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுதி வைக்க அரசுக்கு என்ன தயக்கம்? அடிபட்டவன் நினைவிழந்து கிடக்கும்போதா அரசாணையைத் தேடுவது?

ஜமாஅத் நிர்வாகிகளே! வலீமா விருந்தில் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு பைத்துல்மாலுக்கு வரட்டும். அதிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுங்கள். இந்த ஜும்ஆவிலேயே பள்ளிவாசல் பலகையில் 112 என்று எழுதுங்கள்.

ஜனாஸாவுக்குத் திரளும் சமுதாயம், உயிர் இருக்கும்போதே திரளட்டும், இன்ஷா அல்லாஹ்!