மரக்கால் யார் கையில்?

தோழனே!

செங்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன்பு, என் நாடகம் ஒன்று மேடையேறிற்று. பண்ணையார் சாட்டையைச் சுழற்றுவார், உழவன் துடிப்பான், துடித்தபடியே, நான் எழுதிக் கொடுத்த வீர வசனத்தை ஒரு பக்க அளவுக்கு முழங்குவான். கைதட்டல் கிடைத்தது. கழுத்தில் மாலையும் விழுந்தது. ஒப்பனை கலைத்துக்கொண்டிருந்த இடத்திற்கு ஒரு மூதாட்டி கோலூன்றி வந்தார்.

"நாடகம் எழுதினது நீதானாப்பா?"

"ஆமாம், பாட்டி!"

"எங்க ஊர்ல சாட்டையெல்லாம் யாரும் எடுக்கல. சாட்டை எதுக்குப்பா? மரக்கால் போதுமே!"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஆடி மாதத்தில், அடுப்பெரியாத நாளில், கடனுக்குக் கேழ்வரகு கேட்டுப் போனால், பண்ணை வீட்டில் மரக்காலைத் தலைதட்டி அளந்து கொடுப்பார்களாம். தை மாதத்தில் திருப்பிக் கொடுக்கப் போனால், அதே மரக்காலைக் கும்பம் கட்டி அளந்து வாங்குவார்களாம். கொடுக்கும்போது குழி, வாங்கும்போது குன்று! கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். விட்டுப்போன பாடத்தில் ஒன்றை அந்த அம்மையார் ஐந்து நிமிடத்தில் நடத்தி முடித்துவிட்டார்.

அந்த மரக்கால் என் நினைவுக்கு வரக் காரணம், இன்று எங்கு பார்த்தாலும் ஒலிக்கும் ஒரு முழக்கம்: "நம் ஊரில் விளைவதை நாமே உண்போம்!" நல்ல முழக்கம்தான். 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. மன்றமே அறிவித்தது. பட்டணத்துக் கடைகளில் சாமையும் வரகும் கண்ணாடிப் புட்டிகளில் கொலு வீற்றிருக்கின்றன. விலையைக் கேட்டால், அவற்றை விளைவித்தவனே வாங்க முடியாது. புட்டியின் மேல் ஒட்டிய தாளிலே பொன்னெழுத்துப் பொறிப்பு: 'முன்னோர் உணவு!'

எந்த முன்னோர், தோழனே? கூழ் குடித்த முன்னோரா? கூழ் ஊற்றிய முன்னோரா?

நெல் விளைந்த ஊரில் நெற்சோறு யாருக்குக் கிடைத்தது? நாற்று நட்டவளுக்குப் பொங்கலன்றும் தீபாவளியன்றும் கிடைத்தது. மற்ற நாளெல்லாம் கலயத்தில் கூழ். ஊரிலே விளைந்தது உண்மை. ஊரார் உண்டார்கள் என்பதோ பொய். ஊர் என்று ஒன்று இருந்ததில்லை. ஊரும் சேரியுமாக இரண்டு இருந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்று தீர்த்த தாது ஆண்டுப் பஞ்சத்தை நினைத்துப் பார். கால்வாய் வெட்ட வந்த கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கணக்குப் போட்டார், வெள்ளை அரசு அனுப்பிவைத்த ரிச்சர்டு டெம்பிள். சென்னையை ஊடறுத்து ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, அந்தக் கூலிக்கு வெட்டப்பட்டதுதான். அதே ஆண்டுகளில், இந்தியத் துறைமுகங்களிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது! விளைந்தது பக்கத்தில்தான். ஆனால், மரக்கால் இருந்த இடம் வேறு.

ஆகவேதான், நியாயவிலைக் கடை அரிசியை ஏளனம் செய்யும் எவரோடும் எனக்கு உடன்பாடில்லை. 'இலவச அரிசி மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டது' என்று குளிரறையில் இருந்து கூறுவோர், அந்த மூதாட்டியின் ஆடி மாதத்தை அறியாதவர்கள். குடும்ப அட்டை வந்த பிறகுதான், பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் கைகட்டி நிற்க வேண்டிய தேவை குறைந்தது. அரிசி தஞ்சையில் விளைந்ததா, ஆந்திராவில் விளைந்ததா என்று பசித்தவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? வா, அதே கடையில் சற்று நேரம் நிற்போம்.

2007 முதல் நம் நியாயவிலைக் கடைகளில் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். ஏழையின் தாளிப்புக்கு எண்ணெய் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கடை இருப்பது எங்கே? திண்டிவனத்தில், வந்தவாசியில், செங்கத்தில்! நிலத்தைக் கிளறினால் மணிலாக்கொட்டை உதிரும் சீமை. செக்கோசை கேட்டு வளர்ந்த சீமை. அந்த மண்ணில் மணிலா பறிக்கும் கூலிப் பெண்ணின் சட்டியில் கொதிப்பது, கடல் கடந்து வந்த பனை எண்ணெய். பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும் இதே கதை. தேங்காய்க்கு விலையில்லை என்று குமுறும் ஊரில், தேங்காய் எண்ணெய் விற்காத நியாயவிலைக் கடை!

இந்தியா உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரல் 28-இல் இந்தோனேசிய அரசு, பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஒரு மாதத்திற்குள், மே 23-இல், தடையை விலக்கிக்கொண்டது. தங்கள் மக்களுக்கு எண்ணெய் விலை ஏறுகிறதே என்று அவர்கள் செய்தது, அவர்கள்மீது குற்றமில்லை. ஆனால் எண்ணிப் பார்: ஜகார்த்தாவில் ஒரு கையெழுத்து, திண்டிவனத்தில் ஒரு தாய்க்குத் திகைப்பு! பண்ணை வீட்டு மரக்காலாவது கண்ணுக்குத் தெரிந்தது. இந்த மரக்கால் கடலுக்கு அப்பால் இருக்கிறது.

பண்ணையார் கொல்லைக்கும் திரும்பக் கூடாது. கடலுக்கு அப்பாலும் கையேந்தக் கூடாது. வேறு வழி உண்டா? உண்டு. அதை ஏட்டில் தேட வேண்டாம். தெலங்கானாவில், ஜகீராபாத் வட்டாரத்தில், வானம் பார்த்த மேட்டு நிலத்தில் பெண்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

பெண்கள் என்றால் எந்தப் பெண்கள்? சேரிப் பெண்கள், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள், கூலி வேலைக்குப் போய் வந்தவர்கள். சிலருக்கு அரசு கொடுத்த துண்டு நிலம் இருந்தது. கல்லும் கரடுமாக, வேறு யாரும் வேண்டாமென்று விட்ட நிலம். 1983-இல் அங்கே தக்காணி மேம்பாட்டுச் சங்கம் என்ற அமைப்பு தோன்றி, ஊர்தோறும் பெண்களின் சங்கங்களைக் கட்டியது. அதே ஆண்டில்தான் அன்றைய ஆந்திர அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி தந்தது. பசி தணிந்தது, ஆனால் சோளம் விளைந்த நிலம் மெல்ல மெல்லத் தரிசாகிவிட்டது என்கிறார்கள் அந்தப் பெண்கள். கடையில் அரிசி கிடைக்கையில் சோளத்தை யார் விதைப்பார்?

1990-களின் நடுவில் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தரிசாய்க் கிடந்த நிலங்களைக் கணக்கெடுத்தார்கள். உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் முன்பணம் கொடுத்தார்கள். வாங்கியவர் அதைப் பணமாகத் திருப்பவேண்டாம். சில ஆண்டுகளில், தவணை தவணையாக, சோளமாகத் திருப்பினால் போதும். அந்தச் சோளம் பட்டணத்துக் கிடங்குக்குப் போகவில்லை. அந்த ஊரிலேயே குதிரில் இருந்தது. வேலையும் கூலியும் இல்லாத மாதங்களில், ஊரின் மிக ஏழைக் குடும்பங்களுக்குச் சந்தை விலையினும் குறைந்த விலையில் அளந்து கொடுக்கப்பட்டது.

யார் மிக ஏழை என்று எப்படிக் கண்டார்கள்? இங்கேதான் எனக்கு மெய்சிலிர்த்தது! அதிகாரியை அழைக்கவில்லை; வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. ஊர்ப் பொதுவிடத்தில் வண்ணப்பொடியால் ஊரின் படத்தைத் தரையில் வரைந்தார்கள். வீடு வீடாகக் குறித்தார்கள். எந்த வீட்டில் உழைக்கும் கையில்லை, எந்த வீட்டில் நிலமில்லை என்று எல்லோர் எதிரிலும் பேசித் தீர்மானித்தார்கள். அதிக வறுமைக்கு அதிக அளவு. மறைக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்திருக்கிறாளே!

விதையும் அப்படித்தான். சாம்பலும் வேப்பிலையும் இட்டு மண்பூசி மூடிய கூடைகளில் காக்கிறார்கள். விதை வேண்டியவள் வாங்கிச் செல்லலாம். அறுவடைக்குப் பின் விதையாகவே கூடுதலாகத் திருப்ப வேண்டும். ஒரே நிலத்தில் சோளம், தினை, சாமை, துவரை, பாசிப்பயறு, உளுந்து என்று 15, 20 வகை சேர்ந்து வளரும். மழை பொய்த்து ஒன்று கருகினால் இன்னொன்று கைகொடுக்கும். பொங்கலையொட்டிய நாளில் தொடங்கி, மாட்டுவண்டிகளில் விதைகளை ஏற்றி ஊர் ஊராகத் திருவிழாவாகப் போகிறார்கள். 2008-இல் தங்களுக்கென ஒரு சமுதாய வானொலியையும் தொடங்கினார்கள். 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்குவேட்டர்' பரிசு அந்த அமைப்பைத் தேடி வந்தது. பரிசு இருக்கட்டும். சேரிப் பெண்ணின் வாசலில் விதை கேட்டு மேல்சாதி உழவன் வந்து நிற்கும் நிலை உருவாயிற்று என்கிறார்களே, அதற்கு ஈடாக எந்தப் பரிசைச் சொல்வாய்?

மரக்கால் கைமாறிவிட்டது, தோழனே!

"அப்படியானால் சென்னை நகரம் சென்னையில் விளைவதை மட்டும் தின்னுமா?" என்று மடக்குவாய். தின்னாது, தின்ன முடியாது. மழை பொய்த்த மாவட்டத்திற்கு மழை பெய்த மாவட்டம் அனுப்பத்தான் வேண்டும். அதற்குத்தான் அரசு, அதற்குத்தான் கிடங்கு, அதற்குத்தான் தொடர்வண்டி. நான் கேட்பது கதவடைப்பு அல்ல. தொலைவிலிருந்து வருவது துணைக்கு இருக்கட்டும். அடுப்புக்கு முதல் கைப்பிடி அருகிலிருந்து வரட்டும்.

முடியாத காரியமா? 2023-இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகு விளையும் தருமபுரியிலேயே கேழ்வரகு! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 தேறுவதே அரிது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். வயிறு நிறைந்தது, உடல் தேறவில்லை. கேழ்வரகு ஒன்றே மருந்து என்று நான் வைத்தியம் பேசமாட்டேன். தட்டில் அரிசி மட்டுமே இருப்பது போதவில்லை என்பது தெளிவு.

நாம் கேட்க வேண்டியதும் தெளிவு. மணிலா விளையும் மாவட்டத்துக் கடையில் மணிலா எண்ணெய். தென்னை வளரும் மாவட்டத்தில் தேங்காய் எண்ணெய். 2022-இல் தொடங்கிய பள்ளிக் காலைச் சிற்றுண்டியில் ரவையும் சேமியாவும் வருகின்றன. இரண்டும் நம் மண்ணில் விளையாத கோதுமையின் பிள்ளைகள். சாதி பார்க்காமல் பிள்ளைகள் வரிசையில் அமர்ந்து உண்ணும் அந்தத் தட்டுக்கு, அந்த ஊர்ப் பெண்கள் குழு விளைவித்த கீரையும் முருங்கையும் தினையும் வரட்டும். அன்றைய விலையை அன்றே கொடுக்கட்டும்.

விளைவிக்க நிலம்? அதுதான் முள். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையை அடுத்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். பிற சாதியார்க்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். இன்று அதன் மீது யார் வீடு, யார் தோப்பு, யார் ஆலை? மேடையில் 'மண்ணின் உணவு' என்று முழங்குவது எளிது. மண் யாருடையது என்று கேட்டால், நம் மேடையிலேயே சிலர் நெளிவார்கள். நெளியட்டும்!

அடுத்த கிளைக் கூட்டத்தில் தலைவர்களின் சுற்றுப்பயணத்தைப் பேசி முடித்த பிறகு, ஒரு மணி நேரம் ஒதுக்கு. கோலப்பொடி கொண்டுவரச் சொல். அலுவலகத்துத் தரையிலேயே உன் ஊரை வரை. தரிசு எங்கே, பஞ்சமி நிலம் எங்கே, அது யார் பிடியில், ஊரில் விளைவது எவை, கடையில் கிடைப்பவை எவை என்று குறி. சேரிப் பெண்களை அழைக்க மறவாதே. அவர்கள் வாராமல் அந்தப் படம் முடியாது. வரைந்ததைத் தாளில் எடுத்து, ஒரு படி வட்டாட்சியருக்கும், ஒரு படி மாவட்டச் செயலாளருக்கும் அனுப்பு. மூன்றாவது படி எனக்கு வேண்டும். அந்த நாடகத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், சாட்டையை எடுத்துவிட்டேன்.