சிப் நம்முடையது, கட்டளை யாருடையது?

லிங்கி தோட்டங்களில் விடியுமுன் வந்து நிற்கும் தொழிற்சாலைப் பேருந்து புதிதல்ல. பால்மரம் போய் செம்பனை வந்த காலத்திலேயே வடக்கே செனவாங், தெற்கே மலாக்கா என மின்னியல் தொழிற்சாலைகள் தோட்டத்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. வெளிநாட்டில் வடிவமைத்த சிப்பை இங்கே பொருத்தி, சோதித்து அனுப்புவார்கள். உலகில் நடக்கும் இவ்வகைப் பணியில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில்தான். ஆனால், பெரிய லாபம் வடிவமைத்தவருக்கே.

இதை மாற்றத்தான் 2025 மார்ச் 5ஆம் தேதி அரசாங்கம் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. 10 ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர். அதன் வடிவமைப்புகளை உள்ளூர் நிறுவனங்கள் பயன்படுத்தலாம். 10,000 பொறியியலாளர்களுக்குப் பயிற்சியும் உண்டு.

காசு கொடுத்து வாங்குவது எதை? ஒவ்வொரு சிப்புக்கும் புரியும் கட்டளைகள் இத்தனைதான் என்று ஒரு தொகுதி உண்டு. காலைப் பெரட்டில் மண்டோர் சொல்லும் சொற்கள் மாதிரி. ஆளும் மண்டோரும் ஒரே சொல்லைப் பழகியிருந்தால்தான் வேலை நடக்கும். கட்டளைத் தொகுதி மாறினால் மென்பொருள் அத்தனையையும் மறுபடி பழக்க வேண்டும்.

சீனா அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டது. லூங்சன் நிறுவனம் முதலில் அமெரிக்காவில் பிறந்த மிப்ஸ் கட்டளைத் தொகுதியை நம்பியிருந்தது. 2021இல் லூங்ஆர்ச் என்று சொந்தமாகவே ஒன்றை அறிவித்தது. 2023 நவம்பரில் வந்த 3ஏ6000 சிப், இன்டெல்லின் 10ஆம் தலைமுறை சிப்புக்கு ஈடு என்றார்கள். விண்டோஸ் அதில் நேரடியாக ஓடாது. ஆனால், உரிமத்தைக் காட்டி யாரும் மிரட்டவும் முடியாது.

சென்னை ஐஐடியின் வழி வேறு. பேராசிரியர் காமகோடி தலைமையிலான ‘சக்தி’ திட்டம், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை எடுத்துக்கொண்டது. அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. இஸ்ரோவுக்காக அவர்கள் வடிவமைத்த ‘ஐரிஸ்’ சிப், மொஹாலி அரசு ஆலையில் தயாராகி 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. வேகத்தில் அது பெரிய சிப் அல்ல. ஆனால், உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள்.

மலேசியா எடுத்தது வாடகை வழி. தவறென்று சொல்லிவிட முடியாது. கைப்பேசிகள் அநேகமாக எல்லாம் ஆர்மில்தான் ஓடுகின்றன, மென்பொருளும் தயார். 10 ஆண்டு வாடகையில் கைத்தொழில் கற்ற ஆட்கள் மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான். ஆட்கள் இல்லாவிட்டால் இலவசக் கட்டளைத் தொகுதியும் உதவாது.

அந்த 10,000 பேரில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? சிப் வடிவமைப்புப் பூங்கா இருப்பது சிலாங்கூர் பூச்சோங்கில். லிங்கிக்குத் தொழிற்சாலைப் பேருந்து வருவதுபோல் அங்கிருந்து பேருந்து வராது. செனவாங்கில் வேலைக்குச் சேர எஸ்பிஎம் சான்றிதழே பலருக்குப் போதுமானதாக இருந்தது. வடிவமைப்புக்கு இயற்பியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, ‘கஷ்டம், வேண்டாம்’ என்று வீட்டிலும் பள்ளியிலும் முதலில் தள்ளிவைப்பது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான்.