தீபாவளி ரேஸும் அப்பா காசும்!

தேங்காய் வித்த காசுல கேம் பாக்ஸ் வேணும்னு அப்பாகிட்ட அடம்பிடிக்கிற ஆனைமலைப் பார்ட்டியா நீங்க? ஒரு நிமிஷம்!

2020 தீபாவளி நவம்பர் 14. மைக்ரோசாஃப்ட் உஷாரா நவம்பர் 10-லேயே எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை இந்தியாவில் இறக்கிடுச்சு. சோனியின் பிளேஸ்டேஷன் 5 இங்கே வந்தது 2021 பிப்ரவரி 2. பட்டாசும் முடிஞ்சு, பொங்கலும் முடிஞ்சு! வந்தப்போ ரெண்டுக்கும் விலை 49,990 ரூபாய்தான்.

ஆனா சோனியின் பெரிய கேம் ஒண்ணு அப்போ 4,999. பத்து கேம் வாங்கினா இன்னொரு பாக்ஸ் காசு காலி! பண்டிகைச் சண்டை பாக்ஸுக்கு; கம்பெனிகளோட கண்ணு கேம் மேல.

34,990-க்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் சீப்தான். ஆனா டிஸ்க் போட வழியே கிடையாது. ஃப்ரெண்டுகிட்ட ஓசி டிஸ்க் வாங்கி ஆட முடியாதுங்க! கோவைக்கு பஸ் ஏறும் முன்னாடி, கேம் செலவையும் கூட்டிட்டு அப்பாகிட்ட பேசுங்க.