வாயை மோந்தவர்களுக்கு

மார்கழி விடியல். நெல் குடோனில் லாரிக்கும் மேடைக்கும் நடுவே போட்ட பலகையில் பனி ஊறிக் கிடந்தது. முதுகில் மூட்டையோடு வெறுங்காலில் ஏறிய எங்கப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு போச்சு. ஓடிவந்த மேஸ்திரி முதலில் அவர் வாயை மோந்து பார்த்தான். எங்க கை பட்ட சொம்பில் தண்ணி குடிக்காதவன்! அப்பா அன்றைக்கு டீகூடக் குடிக்கலை. ‘போதையில் விழுந்தான்’ என்றே எழுதினார்கள். ஒரு காசு தரலை.

இதுக்குக் காரணம் இருக்கு. குடிபோதையால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்று 1923இல் வெள்ளைக்காரன் போட்ட இழப்பீட்டுச் சட்டம் சொன்னது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் மட்டுமே விலக்கு. சேரிக்காரன் என்றால் குடிகாரன் என்ற சாதிப் பேச்சு, இங்கே முதலாளிக்குப் பணம் மிச்சம் பிடிக்கிறது.

ஆயிரம் சாக்கு கிடக்கும் குடோனில், பலகைமேல் ஒரு சாக்கு இழுத்து அடிக்க மனசில்லை. குறுக்குச் சட்டம் இல்லை. மூட்டைக் கணக்கில் கூலி; நிதானமா நடந்தா வயிறு காயும். இதையெல்லாம் எவன் மோந்து பார்த்தான்?

தோழர்களே, போதையை நிரூபிக்க வேண்டியவன் முதலாளி, நாமல்ல. நம்ம ஆள் விழுந்தா, அவங்க வாயை மோக்கும் முன்னே நாம பலகையைப் பார்த்துச் சாட்சி எழுதுவோம்.