சித்திரப்பட விலங்குகளும் எம் சிறார்களும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது எம் முன்னோர் வாக்கு. ஆயினும் பிள்ளையொன்றின் நிறத்தைக் குறைகூற நினைக்கும்போது அதே காக்கையைத்தான் எம்மவரும் உவமைக்கு அழைக்கின்றனர். விலங்கையும் பறவையையும் மனிதருக்கு முகமூடியாக்குதல் உலகெங்கும் உள்ள வழக்கம். நேரே கூறத் துணியாத ஒன்றை அம்முகமூடியின் பின்னால் நின்று எளிதாகக் கூறிவிடலாம். சித்திரப்படங்களோடு வளரும் எம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

1941 ஆம் ஆண்டு வோல்ற் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'டம்போ' படத்தில் காகக் கூட்டமொன்று வருகிறது. அக்காகங்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் பேசிப் பாடுகின்றன. அவற்றின் தலைவனுக்குப் படத்தை ஆக்கியோர் இட்ட பெயர் ஜிம் குரோ. அந்நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கும் அதுவே பெயர். அத்தலைவனுக்குக் குரல் கொடுத்தவரோ கிளிவ் எட்வேட்ஸ் என்னும் வெள்ளையர். இஃது ஓர் இனத்தை இழிவுபடுத்துவது என்றனர் பலர். ஆனால், டிஸ்னியில் நெடுங்காலம் பணியாற்றிய கறுப்பின ஓவியரான புளொயிட் நோர்மன் அக்காகங்களுக்காக வாதாடியவர். எல்லோரும் எள்ளி நகைத்த யானைக்கன்றுக்கு இரங்கி, அதனைப் பறக்கத் தூண்டியவை அக்காகங்களே என்பதையும் நாம் மறத்தலாகாது. 2019 இல் இப்படம் மீண்டும் எடுக்கப்பட்டபோது காகங்கள் நீக்கப்பட்டுவிட்டன. இழிவு நீங்கிற்று, அதனோடு இரக்கமும் நீங்கிற்று.

'காட்டுப் புத்தகம்' பற்றியும் இவ்வாறே ஒரு வழக்கு உண்டு. கிப்ளிங் 1894 இல் வெளியிட்ட நூலில் குரங்குகளுக்கு அரசன் இல்லை. 1967 இல் வெளிவந்த டிஸ்னி படமே, இந்தியக் காடுகளில் வாழாத ஒராங்குட்டானை அரசனாக்கி, மனிதனாக வேண்டும் என்று அதனைப் பாடவைத்தது. குரல் கொடுத்தவர் இத்தாலிய வழிவந்த லூயி பிறிமா. ஆயினும் வெள்ளையரைப் போலாக ஏங்கும் கறுப்பினத்தவரையே அப்பாத்திரம் சுட்டுவதாகப் பலர் பொருள் கொண்டனர்.

இங்கு நோர்வேயில் சிறுவர் படங்கள் நோர்வேஜிய மொழியில் குரல் மாற்றப்பட்டே வருகின்றன. ஆதலால், அமெரிக்கச் செவிகளுக்கு இனத்தை உணர்த்திய குரல்கள் எம் பிள்ளைகளை எட்டுவதில்லை. ஆனால் யார் ஆள்பவர், யார் நகைப்புக்குரியவர், யார் எல்லைக்கு வெளியே நிற்பவர் என்னும் பங்கீடு மாறாமல் வந்து சேர்கிறது.

1994 இல் வெளிவந்த 'சிங்க அரசன்' படத்தை எடுத்துக்கொள்வோம். கழுதைப்புலிகள் ஆட்சி எல்லைக்கு அப்பால் பசியோடு வாழ்கின்றன. மூலப்படத்தில் அவற்றுள் இரண்டுக்குக் குரல் கொடுத்தோர் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பேர்க்கும் மெக்சிக்க வழிவந்த சீச் மரினும் ஆவர். வஞ்சக அரசன் அவற்றை உள்ளே விட்டதும் நிலம் வரண்டு பாழாகிறது. உரிய அரசன் மீண்டு அரியணை ஏறும்போது மழை பொழிகிறது. படைத்தோர் அகதிகளை மனத்திற் கொண்டு இதனை ஆக்கினர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் எல்லை கடந்து வந்து தஞ்சம் புகுந்தோரின் பிள்ளை இக்கதையில் தன்னை எங்கே காண்பது? 'வெளியார் வந்தால் நிலம் கெடும்' என்னும் பேச்சு இன்றைய ஐரோப்பாவில் திரைக்கு வெளியேயும் ஒலிக்கின்றதன்றோ?

'இவையெல்லாம் வெறும் விலங்குப் படங்கள்; குழந்தைகள் எதனை அறிவர்?' என்று வினவுவோர் உளர். நோர்வேஜிய மொழியில் குரங்கைக் குறிக்கும் சொல் சுட்டித்தனம் செய்யும் குழந்தையைச் செல்லமாக அழைக்கவும் வழங்குகிறது. அதே சொல் விளையாட்டுத் திடலில் கருநிறப் பிள்ளையை நோக்கி வீசப்படும்போது அது செல்லமன்று. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் நம்மினும் விரைவாக அறிவர். வீட்டில் வந்து சொல்வதில்லை, அவ்வளவே.

பிறரை மட்டும் குறைகூறி அமைதலும் நேர்மையன்று. எம் மரபிலும் இவ்வழக்கு உண்டு. இராமாயணத்து வானரர் யார் என்னும் வினா மிகப் பழையது. விமலசூரி என்னும் சமண ஆசிரியர் பிராகிருத மொழியில் இயற்றிய பௌமசரியம், அவர்கள் குரங்குகள் அல்லர், குரங்குக் கொடி தாங்கிய குலத்தவரே என்றது. இருபதாம் நூற்றாண்டில் பெரியார் முதலான திராவிட இயக்கத்தார், தென்னாட்டு மக்களையே குரங்கென்றும் அரக்கரென்றும் அக்காப்பியம் காட்டிற்று என்றனர். அடியார்க்கோ அனுமன் வணக்கத்திற்குரியவன். யூகோ சாக்கோவின் முயற்சியால் யப்பானியரும் இந்தியரும் இணைந்து 1992 இல் இக்காவியத்தைச் சித்திரப்படமாக்கினர். அது 2025 இல் இந்தியத் திரையரங்குகளில் தமிழ்க் குரலிலும் ஒலித்தது. எனவே இவ்வினா எம் பிள்ளைகளையும் சார்ந்ததே. கதையில் தமக்கு அளிக்கப்பட்ட இடத்தை ஏன் என்று கேட்டல் எம்மவர்க்குப் புதிதன்று என்பதை அவர்கள் அறியட்டும்.

பெற்றோரே, படங்களைத் தடைசெய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. தடைசெய்தது பிள்ளைக்கு மேலும் இனிக்கும். எங்கும் எதிலும் இழிவையே தேடுங்கள் என்றும் கூறவில்லை. டம்போவின் காகங்கள் அதற்குச் சான்று. அருகில் அமர்ந்து பாருங்கள். 'இதில் எவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? எவர் வெளியே நிற்கிறார்? ஏன்?' என்று தமிழிலேயே கேளுங்கள். வீட்டில் ஒரு பிள்ளையின் நிறத்தைக் காக்கையோடு ஒப்பிடும் பழக்கத்தை அன்றே விடுங்கள்.

மாணவச் செல்வங்களே, தன் வரலாறு கூறுதல் என்னும் கட்டுரை உங்களுக்குப் பழக்கமானது. பழைய குடையும் கிழிந்த புத்தகமும் இதுகாறும் பேசியது போதும். இம்முறை எல்லைக்கு வெளியே பசியோடு நின்ற அக்கழுதைப்புலி தன் வரலாற்றைத் தமிழில் கூறட்டும். அதனை வாசிக்க நாம் ஆவலோடு காத்திருக்கின்றோம்.