உலகச் சந்தை என்னும் புதுத் தலைவிதி

பெரம்பலூர் ஜில்லா எறையூரில் 2022-இல் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 2023-இல் செருப்பு உற்பத்தியும் ஆரம்பமாகிவிட்டது. 2024-இல் அரியலூர் ஜில்லா ஜெயங்கொண்டத்திலும் தைவான் கம்பெனி ஒன்றின் காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் வைத்தார்கள்; 15,000 பேருக்கு வேலை என்றார்கள். சோளக்காட்டையும் வானத்தையும் நம்பிக் கிடந்த வீட்டுப் பெண்கள் மாதச் சம்பளம் வாங்குவதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் தோழர்களே, ஒன்றை யோசியுங்கள். அரியலூர் சிமெண்டு இந்த மண்ணின் சுண்ணாம்புக் கல்லை நம்பியது. கல்லை மூட்டை கட்டிக்கொண்டு எந்த முதலாளியும் வேறு தேசம் போக முடியாது. செருப்புத் தொழில் அப்படியா? தைவான் காலணிக் கம்பெனிகள் தங்கள் ஊரில் கூலி ஏறியதும் 1980-களின் பிற்பகுதியில் சீனாவுக்குப் போயின. அங்கும் ஏறவே வியட்நாம், இந்தோனேசியா என்று சென்று, இப்போது நம்மிடம் வந்திருக்கின்றன. வந்த வழி அடைபட்டுப் போகவில்லை.

சந்தை விரிந்தால் ஆர்டர் பெருகும், ஆள் தேவை பெருகும், சரக்கு விலையும் குறையும் என்பதெல்லாம் மெய்தான். ஆனால் பெருகிய இலாபத்தில் தொழிலாளிக்குப் பங்கு எவ்வளவு என்பதைச் சந்தையா தீர்க்கிறது? பேரம் பேசும் பலமல்லவா தீர்க்கிறது! கூலி கேட்டால் "உலகச் சந்தையில் இவ்வளவுதான் கட்டும்" என்பதும், கஞ்சி கேட்டவனுக்குத் "தலைவிதி" என்று பதில் சொன்னதும் ஒன்றேயாகும்.

2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முக்கியக் கோரிக்கை சங்கத்திற்கு அங்கீகாரம் என்பதே. 1926-லேயே தொழிற்சங்கச் சட்டம் வந்த தேசத்தில், அச்சங்கம் பதிவு பெற 2025 ஜனவரி ஆயிற்று!

எறையூர் மட்டும் கூலி கேட்டால் முதலாளி ஜெயங்கொண்டத்தைக் காட்டுவார். இரண்டும் சேர்ந்து கேட்டால் செய்யாறைக் காட்டுவார். தமிழ்நாடே கேட்டால் வியட்நாமைக் காட்டுவார். ஆகவே சந்தை எவ்வளவு தூரம் போகிறதோ, சங்கமும் அவ்வளவு தூரம் போயாக வேண்டும். முதற்படியாக, தமிழ்நாட்டுக் காலணித் தொழில் முழுமைக்கும் ஒரே கூலி விகிதம் வேண்டுமென்று எல்லா ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து கேட்கட்டும். பிறகு வியட்நாம் தொழிலாளியோடும் பேசட்டும். அவரிடமும் நம் பெயரைச் சொல்லித்தானே கூலியைக் குறைக்கிறார்கள்?

பணத்திற்கு எல்லை இல்லை; சரக்கிற்கு எல்லை இல்லை; தொழிலாளியின் ஒற்றுமைக்கு மட்டும் கம்பெனிக் கதவுதான் எல்லையா?